சீட்டை நிரப்பும் ஆட்டங்கள்: அமெரிக்காவின் சிறு கிறிஸ்தவக் கல்லூரிகளில் விளையாட்டு

கான்சஸ் மாநிலத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை எந்தச் சனிக்கிழமை போனாலும் ஏதாவது ஒரு சின்ன ஊரில் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, தலைக்கவசமும் தோள்பட்டைக் கவசமும் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம். ஆடும் கல்லூரிகளை வரிசையாகச் சொன்னால் திருச்சபை வரலாற்றின் பொருளடக்கம் மாதிரி இருக்கும். நார்த் நியூட்டனில் உள்ள பெத்தேல் மெனோனைட்டுகளுடையது. ஹில்ஸ்பரோவின் டேபர், மெனோனைட் பிரதரன் சபையைச் சேர்ந்தது. லிண்ட்ஸ்பர்கின் பெத்தனி லூத்தரன். விச்சிட்டாவின் ஃபிரெண்ட்ஸ் குவேக்கர்கள் தொடங்கியது. சலைனாவின் கான்சஸ் வெஸ்லியனும் வின்ஃபீல்டின் சவுத்வெஸ்டர்னும் மெதடிஸ்ட். ஒட்டாவா பாப்டிஸ்ட், ஸ்டெர்லிங் பிரெஸ்பிட்டேரியன், செயின்ட் மேரி கத்தோலிக்கம். எல்லாம் கே.சி.ஏ.சி. என்ற ஒரே லீக்கில் ஆடுகின்றன.

இவற்றில் பல கல்லூரிகளில் மொத்த மாணவர் எண்ணிக்கையே ஆயிரத்தைத் தாண்டாது. ஆனால் ஃபுட்பால் அணியில் மட்டும் நூறு பேர் இருப்பார்கள். களத்தில் ஒரு நேரத்தில் இறங்குவது 11 பேர். தாக்க ஓர் அணி, தடுக்க ஓர் அணி, மாற்று ஆட்கள் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 50 பேர் போதும். மிச்சம் ஐம்பது பேர் எதற்கு?

ஃபீஸ் கட்ட. கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொன்னால் விஷயம் அவ்வளவுதான். நாளிதழில் வரும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் செய்திகளில் லட்சம் பேர் உட்காரும் மைதானமும் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கோச்சும் இருப்பார்கள். அது வேறு உலகம். அங்கே டிவி உரிமையும் டிக்கெட்டும் பணம் கொண்டுவருகின்றன. இந்தச் சின்னக் கல்லூரிகளில் டிக்கெட் விற்று வரும் காசு பேருந்து டீசலுக்குக்கூடப் போதாது. இங்கே வருமானம் ஆட்டக்காரரிடமிருந்தேதான் வருகிறது. அவர் மாணவர், ஃபீஸில் ஒரு பகுதியாவது கட்டுவார், ஹாஸ்டலில் தங்குவார், மெஸ்ஸில் சாப்பிடுவார்.

தமிழ்நாட்டில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று சொல்லும்போது நம் மனதில் இருப்பதற்கு இது நேர் எதிர். நம் ஊர்ப் பெயர்பெற்ற கல்லூரிகளில் சீட்டுக்கு ஆள் காத்திருக்கிறார்கள். கோட்டா என்பது அந்த வரிசையில் சில இடங்களை ஒதுக்கி வைப்பது. அங்கே சீட் காத்திருக்கிறது, ஆளைத் தேடிப் போகிறார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

யார் யாரோடு ஆடுகிறார்கள் என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கல்லூரி ஆட்டங்களை நடத்தும் சங்கங்களில் பெரியது என்.சி.ஏ.ஏ. அது 1973-ல் மூன்று பிரிவாகப் பிரிந்தது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தரக் கூடாது. சிறு தனியார் கல்லூரிகள் கூட்டமாக இருக்கும் இடம் அதுதான். இரண்டாவது சங்கம் என்.ஏ.ஐ.ஏ. இங்கே ஸ்காலர்ஷிப் தரலாம். கான்சஸ் கல்லூரிகள் இதில்தான் இருக்கின்றன. மூன்றாவதாக, கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கென்றே 1968-ல் தொடங்கிய என்.சி.சி.ஏ.ஏ. உறுப்பினர்கள் நூற்றுக்கும் குறைவு. அதன் முதல் பிரிவில் பொதுப் படிப்பு தரும் கிறிஸ்தவக் கல்லூரிகள். இரண்டாம் பிரிவில் போதகர்களையும் மிஷனரிகளையும் பயிற்றுவிக்கும் வேதாகமக் கல்லூரிகள், இங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஒரே கல்லூரி இரண்டு சங்கத்தில் உறுப்பினராக இருப்பதும் சாதாரணம். என்.ஏ.ஐ.ஏ. கோப்பை கைநழுவினால் என்.சி.சி.ஏ.ஏ. கோப்பைக்கு ஆடலாம். சீசனை இரண்டு வாரம் நீட்டிக்க நல்ல வழி என்று யாராவது கேலி செய்தால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்த தேசியப் போட்டிகளில் அணிகள் ஆட்டத்துக்கு நடுவே அந்த ஊரில் சேவை வேலைக்கும் போகின்றன. 

கிறிஸ்தவத்துக்கும் கல்லூரி விளையாட்டுக்கும் உள்ள உறவு இந்தச் சங்கங்களைவிடப் பழையது. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அவர் இறையியல் படித்தவர். திடமான உடம்பும் விசுவாசத்தின் ஒரு பகுதியே என்ற அன்றைய கருத்தை நம்பிய கூட்டம் அது. நான்கு வருடம் கழித்து அதே மாநிலத்தின் ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் வாலிபாலை உருவாக்கினார். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் அதே கல்லூரி. நம் ஊர் பி.டி. வாத்தியார் மரபுக்கே அது ஒரு வேர். நெய்ஸ்மித்துக்குக் கடைசிக் காலத்தில் இன்னொரு பங்கும் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்களோடு மோத முடியாத சிறு கல்லூரிகளுக்காக 1937-ல் கான்சஸ் சிட்டியில் ஒரு கூடைப்பந்துப் போட்டி தொடங்கியபோது அதன் பின்னால் இருந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் போட்டி வளர்ந்துதான் என்.ஏ.ஐ.ஏ. ஆனது. 1948-ல் அந்தப் போட்டி கறுப்பின வீரர்களுக்குத் தடையை நீக்கியது. இண்டியானா ஸ்டேட்டின் கிளாரன்ஸ் வாக்கர் அதில் ஆடினார். சிறியவர்களின் சங்கம் பெரியவர்களுக்கு முன்னால் நடந்த சில சமயங்களில் அது ஒன்று.

விளையாட்டால் கல்லூரியைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் எப்போது வந்தது? என்னைக் கேட்டால் ரியோ கிராண்டே கல்லூரியைக் காட்டுவேன். ஃப்ரீவில் பாப்டிஸ்டுகள் 1876-ல் ஓஹியோவின் தென்கிழக்கு மூலையில் தொடங்கிய கல்லூரி. 1950-களின் தொடக்கத்தில் அதில் நூறு மாணவர்கூட இல்லை, மூடும் நிலைமை. அங்கே வந்து சேர்ந்தார் ஆறடி ஒன்பது அங்குலம் உயரமான கிளாரன்ஸ் பீவோ ஃபிரான்சிஸ். 1953 ஜனவரியில் ஒரே ஆட்டத்தில் 116 புள்ளிகள் எடுத்தார். அந்த சீசனில் அணி 39 ஆட்டமும் வென்றது. எதிரணிகளில் பல நான்கு வருடக் கல்லூரிகளே இல்லை என்று அந்தச் சாதனையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரி என்று அடுத்த சீசனில் கோச் நியூட் ஆலிவர் அணியை நாடு முழுக்கக் கூட்டிப்போனார். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில்கூட ஆடினார்கள். 1954 பிப்ரவரியில் ஹில்ஸ்டேலுக்கு எதிராக ஃபிரான்சிஸ் 113 எடுத்தார். அதை யாரும் தள்ளுபடி செய்ய முடியவில்லை. கூட்டம் வந்தது, பணம் வந்தது, கல்லூரி பிழைத்தது.

அன்று காப்பாற்றியது ஓர் ஆள். இன்று காப்பாற்ற வேண்டியது கூட்டம். கணக்கு எப்படி என்று ஒரு கற்பனைக் கல்லூரியை வைத்துப் பார்ப்போம். அமெரிக்கத் தனியார் கல்லூரிகளின் அறிவிக்கப்பட்ட சராசரி ஃபீஸ் 2024–25-ல் வருடத்துக்கு 43,350 டாலர். அதைப் பெரும்பாலோர் முழுசாகக் கட்டுவதில்லை. முதல் வருட மாணவருக்குத் தள்ளுபடி சராசரியாகப் பாதிக்கு மேல். நம் கல்லூரியில் ஃபீஸ் 36,000, தள்ளுபடி போகக் கையில் வருவது 15,000, ஹாஸ்டலும் மெஸ்ஸும் 10,000 என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் வந்தால் 25 லட்சம் டாலர். கோச்சுகளின் சம்பளம், கவசங்கள், பேருந்து, காப்பீடு, மைதானம் எல்லாம் சேர்த்து அதற்குள் முடித்துவிட்டால் மிச்சம் லாபம். வகுப்பறையும் ஆசிரியரும் ஹாஸ்டல் அறையும் ஏற்கெனவே காலியாக இருப்பதால் அவற்றுக்குப் புதுச் செலவு கிடையாது.

ஸ்காலர்ஷிப் என்ற சொல்லும் இந்தக் கணக்குக்குள்தான் வேலை செய்கிறது. என்.ஏ.ஐ.ஏ.வில் ஒரு ஃபுட்பால் அணிக்கு 24 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகை வரை தரலாம். அதை 24 பேருக்குத் தருவதில்லை, நூறு பேருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துத் தருகிறார்கள். டெக்சஸிலோ ஃபுளோரிடாவிலோ ஒரு வீட்டில் "பையனுக்குக் கல்லூரி ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது" என்று கேக் வெட்டுவார்கள். மிச்சத் தொகைக்குக் கல்விக் கடன் எடுப்பதும் அதே வீடுதான். அதனால் இங்கே கோச் என்பவர் பாதி அட்மிஷன் அதிகாரி. இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைக்கிறார்கள். ஜெயிப்பதைவிடத் தலை எண்ணிக்கைதான் வேலையைக் காப்பாற்றும். என்.சி.ஏ.ஏ. மூன்றாம் பிரிவில் சராசரியாக ஆறு மாணவரில் ஒருவர் ஆட்டக்காரர். சிறு கல்லூரிகளில் அது மூன்றில் ஒன்றாகவும் சில இடங்களில் பாதியாகவும் ஆகிவிட்டது. ஓர் ஆட்டத்தில் இடம் நிறைந்துவிட்டால் அடுத்ததைத் தொடங்குகிறார்கள்: பெண்கள் மல்யுத்தம், பவுலிங், இ-ஸ்போர்ட்ஸ். பெண்களுக்கான ஃபிளாக் ஃபுட்பாலை (மோதி விழுத்தாமல், இடுப்பில் செருகிய துணியைப் பிடுங்கி நிறுத்தும் வகை) என்.ஏ.ஐ.ஏ. 2021-ல் தொடங்கியபோது முதல் கோப்பையை வென்றது கான்சஸின் ஒட்டாவா, மேலே சொன்ன பாப்டிஸ்ட் கல்லூரி.

இதில் விசுவாசம் எங்கே போனது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு வகைக் கல்லூரிகள் மாணவரிடமே வாழ்க்கை ஒழுங்கு உடன்படிக்கையில் கையெழுத்து வாங்குகின்றன. இல்லினாயின் வீட்டன், இண்டியானாவின் டெய்லர் அப்படி. வீட்டனில் நடனத் தடை 2003 வரை இருந்தது. அந்தக் கல்லூரி 1957-ல் என்.சி.ஏ.ஏ. சிறு கல்லூரிப் பிரிவின் முதல் கூடைப்பந்துக் கோப்பையை வென்றது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுப்பாடும் திறமையும் சேர்ந்து இருக்க முடியாது என்பதில்லை. ஆனால் இன்னொரு வகைக் கல்லூரிகளில், கான்சஸ் கூட்டத்தில் பெரும்பாலானவற்றில், கோச் கொண்டுவரும் பையனுக்கு அந்தத் திருச்சபையின் பெயரே புதுசு. மெனோனைட் என்றால் என்ன என்று ஹாஸ்டலுக்கு வந்த பிறகுதான் கேட்பான். போரே வேண்டாம் என்ற சபையின் கல்லூரிக்கு, மோதி விழுத்தும் ஆட்டத்துக்காக வந்திருப்பான். இதை வெறும் கேலியாக முடித்துவிட எனக்கு மனசில்லை. தலைமுறைகளாக வெள்ளை விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகளே படித்துவந்த இந்த ஊர்களுக்குக் கறுப்பின, லத்தீன் மாணவர்கள் பெருமளவில் வந்தது விளையாட்டு வழியாகத்தான். நன்கொடையும் நல்லெண்ணமும் செய்யாததைக் காலி ஹாஸ்டல் செய்தது.

மெனோனைட்டுகளைப் பற்றிப் பேசும்போது கோஷனை விட முடியாது. இண்டியானாவில் 1894-ல் தொடங்கிய கல்லூரி. அமெரிக்காவில் எந்த ஆட்டமானாலும் தேசிய கீதம் ஒலிக்காமல் தொடங்காது. கோஷனில் ஒலிக்காது. குண்டும் ராக்கெட்டும் வரும் பாட்டு, அதோடு கடவுளுக்குக் கொடுக்க வேண்டிய முதல் மரியாதையை நாட்டுக்குக் கொடுப்பது, இரண்டும் அவர்களுக்கு ஒப்பாது. வெளியிலிருந்து கண்டனம் வந்தது. 2010-ல் பாட்டு இல்லாமல் வாத்திய இசையாக மட்டும் ஒலிக்கவிட்டு, கூடவே சமாதான ஜெபம் ஒன்றை வாசித்தார்கள். இப்போது கண்டனம் உள்ளேயிருந்து வந்தது, பழைய மாணவர்களும் சபையாரும் கொதித்தார்கள். அடுத்த வருடமே நிர்வாகக் குழு கீதத்தை நிறுத்தி, வேறொரு நாட்டுப்பற்றுப் பாடலை வைத்தது. நடுவில் நின்ற நிர்வாகத்தைப் பார்த்துப் பரிதாபப்படலாம். ஆனாலும் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் முதல் இரண்டு நிமிடத்துக்காக ஒரு கல்லூரி இவ்வளவு யோசித்தது என்பது சும்மா இல்லை.

ஓய்வுநாள் விஷயம் இதைவிடச் சுலபமாகத் தீர்ந்தது. ஞாயிறு ஆட மாட்டோம் என்று எழுத்தில் கொள்கை வைத்திருக்கும் கல்லூரிக்குத் தேசியப் போட்டி அட்டவணையை மாற்றித் தர என்.சி.ஏ.ஏ.வில் விதி இருக்கிறது. சிலுவைப்போர் வீரர்கள் என்று பொருள்படும் அணிப் பெயரை வீட்டன் 2000-லும், இடாஹோவின் நார்த்வெஸ்ட் நசரீன் 2017-லும் கைவிட்டன. அதிலும் முணுமுணுப்பு இருந்தது, அடங்கிவிட்டது.

கொண்டாட்டமும் இல்லாமல் இல்லை. டெய்லரில் டிசம்பர் தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை 'சைலன்ட் நைட்' என்று ஒரு கூடைப்பந்து ஆட்டம் நடக்கும். விநோத உடைகளில் அரங்கம் நிறைய மாணவர்கள், ஒரு சத்தம் வராது. தங்கள் அணி பத்தாவது புள்ளி எடுத்த கணத்தில் கூரை அதிரும். மிச்சிகனில் கால்வினும் ஹோப்பும் ஆடினால் அது வேறு ரகம். இரண்டும் டச்சுக் குடியேறிகளின் சீர்திருத்த சபைக் கல்லூரிகள். சபை 1857-ல் பிரிந்தது. அந்தப் பிரிவின் இரண்டு பக்கங்கள் இன்றுவரை கூடைப்பந்துக் களத்தில் எதிரெதிரே நிற்கின்றன. 1997-ல் இவர்கள் மோதிய ஓர் ஆட்டத்துக்கு 11,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஸ்காலர்ஷிப்பே இல்லாத மூன்றாம் பிரிவில் அது.

ஏணியின் கீழ்ப்படியில் இருப்பவர்களின் நிலைமை வேறு. வேதாகமக் கல்லூரிகளில் சில நூறு மாணவர்கள்தான். அதிலிருந்து ஓர் அணி. பெரிய கல்லூரிகள் பணம் கொடுத்து இவர்களைத் தங்கள் அரங்கத்துக்கு அழைத்து ஆடவைக்கும். அழைப்பவர்களுக்கு உறுதியான ஒரு வெற்றி, வருபவர்களுக்கு அந்த வருடச் செலவில் ஒரு பங்கு. 2013 டிசம்பரில் லூசியானாவின் சதர்ன் பல்கலைக்கழகத்திடம் ஆர்கன்சாவின் சாம்பியன் பாப்டிஸ்ட் 116–12 என்று தோற்றது. ஆட்டத்தின் முதல் 44 புள்ளிகளும் சதர்னுடையவை. அதற்கு முந்தைய வருடம் அயோவாவின் ஃபெயித் பாப்டிஸ்ட் வேதாகமக் கல்லூரிக்கு எதிராக கிரின்னெல் கல்லூரியின் ஜாக் டெய்லர் 138 புள்ளிகள் எடுத்து, 58 வருடம் நின்ற ஃபிரான்சிஸின் சாதனையை முறியடித்தார். தலைப்புச் செய்தி அது. தோற்ற அணியின் டேவிட் லார்சன் அதே ஆட்டத்தில் 70 எடுத்தார் என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்?

இப்போது கணக்குக்குத் திரும்புவோம், ஏனென்றால் அது எல்லா இடத்திலும் சரிவருவதில்லை. மேலே போட்ட கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: புதுக் கட்டடம் கட்டாத வரைதான் லாபம். மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் பிராடஸ், 1871-ல் தொடங்கிய பாப்டிஸ்ட் கல்லூரி, 2010-களில் புதுப்புது அணிகளைச் சேர்த்தது, 2013-ல் ஃபுட்பாலும் வந்தது. மாணவர் எண்ணிக்கை சில வருடங்களில் ஏறக்குறைய இரு மடங்கு. பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் வந்தவர்களுக்கு ஹாஸ்டலும் மைதானமும் கட்டக் கடன் வாங்கியிருந்தார்கள். தள்ளுபடி போக வந்த ஃபீஸ் அந்தத் தவணைக்குப் போதவில்லை. 2023 கோடையில் நகராட்சிக்குக் கட்ட வேண்டிய பாக்கியே 7 லட்சம் டாலருக்கு மேல். மாநில உயர்கல்வி ஆணையம் ஜூலை கடைசியில் பட்டம் வழங்கும் உரிமையை ரத்து செய்ய, கல்லூரி மூடியது.

அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் இன்னும் சிக்கலான கதை. 1856-ல் மெதடிஸ்டுகள் தொடங்கியது. என்.ஏ.ஐ.ஏ.வில் கோப்பைகள் வென்ற கல்லூரி. கௌரவத்துக்காக என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக்கு ஏறி, செலவு தாங்காமல் 2006-ல் மூன்றாம் பிரிவுக்கு இறங்க முடிவெடுத்து, அடுத்த வருடம் ஆள் சேர்க்க ஃபுட்பால் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் நிறையக் கட்டியது, கடன் வாங்கியது. 2023-ல் மாநில அரசிடம் கேட்ட கடன் கிடைக்கவில்லை. 2024 மே 31 அன்று கல்லூரி மூடியது. அன்றைக்கே அதன் பேஸ்பால் அணி ஓஹியோவில் மூன்றாம் பிரிவின் தேசிய இறுதிச் சுற்றில் முதல் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அதில் தோற்று, மறுநாள் ஜெயித்து, ஜூன் 2-ல் 11–10 என்று வெளியேறியது. இல்லாத கல்லூரியின் சீருடையில் இரண்டு ஆட்டம். நாடே அழுதது, ஆனால் அந்தக் கல்லூரியை மூடவைத்ததில் விளையாட்டுத் துறையின் ஏற்ற இறக்க ஆசைகளுக்கும் பங்கு உண்டு என்பதை அந்தச் செய்திகளில் அதிகம் பேர் சொல்லவில்லை.

ஃபுட்பால் தொடங்கிய கல்லூரிகளை அப்படியே ஒத்த மற்ற கல்லூரிகளோடு ஒப்பிட்டு ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொடக்கத்தில் சேர்க்கை கொஞ்சம் துள்ளுகிறது, பிறகு வித்தியாசம் நிற்பதில்லை என்பது அதன் சாரம். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நூறு பையன்களில் நாற்பது பேர் ஆட்டத்தில் இடம் கிடைக்காமல் முதல் வருடத்திலேயே கிளம்பிவிட்டால், அடுத்த வருடமும் நாற்பது பேரைப் புதிதாகத் தேட வேண்டும். இனி தேடுவதும் கஷ்டம். அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை 2007-ல் உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போதுதான் 18 வயது. எல்லாக் கல்லூரியும் ஒரே பையனின் வீட்டுக் கதவைத் தட்டும் காலம் இது.

இந்த நேரத்தில்தான் கால்வினும் களமிறங்கியிருக்கிறது. 1876-ல் தொடங்கிய நாளிலிருந்து ஃபுட்பால் அணி இல்லாமலே இருந்த கல்லூரி. கூடைப்பந்தில் இரண்டு தேசியக் கோப்பை, பெண்கள் வாலிபாலில் மூன்று. ஃபுட்பால் இல்லை என்பதையே ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்ட பழைய மாணவர்களும் உண்டு. 4,000-க்கு மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை 3,000 சொச்சத்துக்கு இறங்கிய பிறகு நிர்வாகம் மனம் மாறியது. 2024-ல் முதல் சீசன் ஆடினார்கள். ஞாயிறு விதிக்கு இடைஞ்சல் இல்லை, ஃபுட்பால் சனிக்கிழமை ஆட்டம். கான்சஸ் கல்லூரிகளைப் போல விளிம்பில் நிற்கும் நிறுவனமும் இல்லை இது; கையில் பணமும் பின்னால் சபையும் உண்டு. அதனால்தான் இதைக் கவனிக்க வேண்டும் என்கிறேன். அந்த முதல் அணியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 2028-ல் அங்கேயே பட்டம் வாங்குகிறார்கள் என்று பார்த்தால், இந்தக் கணக்கு சரியான இடத்திலாவது சரிவருமா என்பது தெரிந்துவிடும்.